பழைய எண், புதிய எண்

பத்துக்குப் பன்னிரண்டு கடை.
இரண்டு கம்ப்யூட்டர், இருமுகிற ஒரு ஜெராக்ஸ்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை
பாதித் தெரு என் நிழலில்தான் நிற்கும்.

தேசப்பன் மகளுக்கு மார்க் ஷீட் எடுக்க வந்தார்.
"நானே தேடுறேம்மா" என்று உட்கார்ந்தார்.
நாலு பச்சைப் பொத்தான் டவுன்லோடு, டவுன்லோடு என்று கண்ணடித்தன.
நாலும் பொய்.
அசல் பொத்தான் அடியில், சாம்பல் நிறத்தில்,
பந்திக்கு யாரும் கூப்பிடாத சொந்தம்போல ஒதுங்கி நின்றது.
அவர் தொட்டதில் ரம்மி வந்தது.
ரம்மியை மூடினால் முடி வளர்க்கும் எண்ணெய்,
எண்ணெயை மூடினால்
உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று சைரன்.
"இன்னாமா, ஃபயர் சர்வீஸா?"
எழுந்தவர் அன்றைக்குத் திரும்ப உட்காரவே இல்லை.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தேன்.
முதலில் ஒரு எக்ஸ்டென்ஷன்.
அதற்குள் பட்டியல்கள்:
யாரோ, எந்த ஊரிலோ, கூலி வாங்காமல்
எவனெவன் உள்ளே வரக்கூடாதென்று
வரி வரியாய் எழுதிச் சேர்த்தவை.
பிறகு, பிரவுசர் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம்
"அறிவிப்பு அனுப்பலாம்" என்று தலையாட்டி வைத்திருந்ததை
ஒவ்வொன்றாக ரத்து செய்தேன்.
அப்படியும் போகாமல் நின்ற தொப்பை பெல்ட்டை
சுட்டிக்காட்டி, இதை மறை என்றேன்.

மறைந்த இடத்தில் வெள்ளை.
இந்தப் பக்கத்தில் இவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை.
எங்கள் தெருவில் சுண்ணாம்பு காய்வதற்குள்
கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுவார்கள்,
நோட்டீஸ் ஒட்டாதீர் என்ற எழுத்தின் மேலேயே.

கடைசியாக ஒரு குட்டி ஃபைல்.
வெளியே போகுமுன் கம்ப்யூட்டர் விலாசம் கேட்கும் இடம்.
விளம்பரக் கம்பெனி எங்கே என்று கேட்டால்
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் புள்ளி
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் என்று எழுதி வைத்தால் போதும்.
போய்த் தட்டும். தட்டக் கதவே இருக்காது.

எழுதும்போதே சிரித்துவிட்டேன்.
இது எங்கள் தெருவுக்குத் தெரிந்த வித்தை.

போன வருஷத் தடைக்காலத்தில், போட் கரையில் கிடக்க,
என் வீட்டுக்காரர் ஒரு விளம்பரத்தைத் தொட்டு
ஐந்து நிமிடத்தில் வாங்கினார் கடன்.
ஆறாவது வாரம் ஆள் வந்தான், ஹெல்மெட் கழற்றாமல்.
"பழைய நம்பர் நாற்பத்தொண்ணு, புது நம்பர் பதினேழு எது?"
அடிபம்பில் அஞ்சலாட்சி சொன்னாள்:
"அது பழசுக்கும் பழசு. அந்தாண்ட போ."
அந்தாண்ட மஸ்தான் பாய்:
"புது நம்பர மூணு தபா மாத்திட்டாங்கப்பா. இந்தாண்ட."
டெல்பினா டீயை ஆற்றிக்கொண்டே:
"அந்த ஊட்ல கோழிதான் கீது."
நாலு சுற்று. பெட்ரோல் தீர்ந்து
பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான்.
கதவுக்குப் பின்னால் நான், வாயில் முந்தானை.
யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.
இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

காலையில் தேசப்பன் வந்தார்.
பக்கம் அமைதியாகத் திறந்தது. மார்க் ஷீட் மட்டும் வரவில்லை.
நான் போட்ட பூட்டில் அதுவும் மாட்டியிருந்தது:
அரசாங்கமும் தனி ஜன்னலில்தான் எட்டிப் பார்க்குமாம்.
அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடையைத் தூக்கினேன்,
தண்ணி லாரி ஹாரனுக்கு மட்டும் தூக்கம் கலைகிற மாதிரி.
நானூற்றுப் பன்னிரண்டு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"இதுல எதும்மா விளம்பரம்?"
"எதுவும் இல்லண்ணா. எல்லாமே உங்க பொண்ணு."
ரெண்டு காப்பி கேட்டார். அப்புறம் இன்னும் ஒன்று.

சாயங்காலம் காற்று திரும்பி
கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை உள்ளே வந்தது.
யாரையும் கேட்காமல்.
அதற்கு எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.
துண்டை நனைத்து, மடித்து,
ஷட்டருக்கு அடியில் வைத்தேன்.